ஒற்றைக்கால் காக்கையும் என் சாக்பீஸ் டப்பாவும்

பிள்ளையாரப்பன் துணை.

சின்னப் பிள்ளைகளுக்குச் செடி கொடி, பூச்சி பறவைகளைப் பார்த்து வரையச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே. மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஆளைத் தெரிந்துதான் கேட்டீர்களா என்று தெரியவில்லை. நான் ஆறாம் வகுப்பு வரை படித்துவிட்டு, விடுமுறைகளில் பஸ் ஏறிப் போய்ப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து ஒரு தாளை வாங்கிக்கொண்டு வாத்தியாரானவன். முறை, வழி என்று என்னிடம் ஒன்றும் கிடையாது. என்னிடம் இருப்பது ஒரு பெரிய தப்பு. அதை வேண்டுமானால் முழுசாகத் தருகிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வரும்.

அப்போது மலாய் நாட்டில் அவசரகாலம். உங்களுக்கு அது பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம். எங்களுக்கு அது முள்கம்பி. வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர்களுக்குச் சாப்பாடு கிடைக்காமல் செய்துவிட்டால் அவர்கள் தானாக வெளியே வந்துவிடுவார்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அதற்காகக் கோலசிலாங்கூர்ப் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் மூன்று இடத்தில் கிடந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் வேலி போட்டு, ஒரு கேட்டும் வைத்துவிட்டார்கள். அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை சோறு வெளியே போகக்கூடாது. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும் பெண்கள்கூடத் தண்ணீர்ப் போத்தல் மட்டும்தான் கொண்டு போகலாம். மீறினால் சிறை. அதற்கு மேலும் ஒன்று உண்டு: ஆளைப் பிடித்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்தில். இந்தியாவில் எனக்கு யாரைத் தெரியும்?

வேலி போட வந்தவர்கள் அளந்த அளவில் பள்ளிக்கூடம் மட்டும் வெளியே நின்றுவிட்டது. கேட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆகவே தினமும் காலையில் நானும் நாற்பது பிள்ளைகளும் வரிசையாக நின்று, சிலேட்டையும் பையையும் காட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவோம். என் குடும்பம், மனைவியும் மூன்று பிள்ளைகளும், வேலிக்குள்ளே ஆசிரியர் வீட்டில்.

இந்த நிலைமையில் ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனிமேல் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து வரையக்கூடாது, இயற்கையை நேரில் பார்த்து வரைய வேண்டும் என்று.

எனக்கு வரையத் தெரிந்தது மாங்காய் ஒன்றுதான். காம்பு போட்டால் மாங்காய். காம்பை அழித்து மூக்கு வைத்தால் கிளி. கவிழ்த்துப் போட்டுக் கால் நாலு வைத்தால் ஆமை. பத்து வருஷம் இப்படியே ஓட்டியிருந்தேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

சரி, அறிக்கை வந்துவிட்டதே என்று முதலில் எங்கள் வீட்டுக் கோழியைக் கொண்டு போய் மேசைக் காலில் கட்டினேன். உயிருள்ள கோழி சாப்பாடு ஆகுமா ஆகாதா என்று கேட்டில் பெரிய விவாதம் நடந்து, சாயங்காலம் அதே கோழி திரும்பி வர வேண்டும் என்று பேசி வெளியே விட்டார்கள். அது ஒரு நிமிஷம் சும்மா நிற்கவில்லை. பிள்ளைகள் தலையை வரைவதற்குள் வால் இருந்த இடத்துக்குத் தலை வந்துவிட்டது. கடைசியில் மேசைக்கு அடியில் உட்கார்ந்து முட்டை போட்டது. முட்டையை வரையச் சொன்னேன். அன்று நாற்பது பேரும் முழு மதிப்பெண். அடுத்த வாரம் மண்டோருடைய, அதாவது வேலை வாங்கும் கங்காணியுடைய, ஆட்டை வரவழைத்தேன். அது வரைந்த தாளையெல்லாம் தின்றுவிட்டது. கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், பழைய ஆபீஸ் தாளின் பின்பக்கத்தைத்தான் எங்களுக்கு வரையக் கொடுப்பார். “ஆட்டுக்குத் தீனி போடவா காயிதம் குடுத்தேன்?” என்று ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆடு மாதிரி கத்திக் காட்டினார்.

இதே சமயத்தில் எனக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் குளித்து, எள்ளுச் சோறு பிசைந்து, காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் நான் வாயில் தண்ணீர் ஊற்றுவேன் என்று என் மனைவி கோயிலில் வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். வேண்டுதல் அவளுடையது, பட்டினி என்னுடையது. வேலிக்குள்ளே காக்கை வரும் முன்பு பக்கத்து வீட்டுக் கோழி வந்துவிடும். மூன்று சனிக்கிழமையும் சனி பகவானுக்கு வைத்ததைக் கோழிதான் தின்றது.

“ஏங்க, கோழி தின்னா கணக்குல சேராதுங்க. பகவான் என்ன கோழி மேலயா வர்றாரு?” என்றாள்.

“அதுக்கு நான் என்னடி பண்ணட்டும்? காக்காய்க்குக் கடுதாசி போடவா?”

“பள்ளிக்கூடத்துல காக்கா வருதுன்னு புள்ளைங்க சொல்லுச்சுங்களே. அங்க கொண்டுபோய் வைங்களேன்.”

வந்துகொண்டுதான் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் மணி அடிப்பதற்குத் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அதன் மேல் தினமும் ஒன்பதரை மணிவாக்கில் ஒரு காக்கை வந்து உட்காரும். எங்கள் தோட்டத்தில் சனிக்கிழமையும் அரைநாள் பள்ளி. வேண்டுதலும் நிறைவேறும், வரைய ஓர் உயிரும் கிடைக்கும் என்று எனக்கு மகா சந்தோஷம். ஒரு கைப்பிடி எள்ளுச் சோற்றை வாழையிலைத் துண்டில் மடித்து, சாக்பீஸ் டப்பாவில், சாக்பீஸ்களுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

தம்பி தங்கைகளே, இங்கே ஒரு நிமிஷம். அதை ஒளித்து வைத்தேன் என்று நினைக்காதீர்கள். வேறு டப்பா இல்லை, அவ்வளவுதான். கேட்டில் மாட் என்று ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர் இருந்தார். நல்ல மனுஷர். மலாயில் ஆசிரியரைக் கூப்பிடுவதுபோல என்னை ‘சிக்கு’ என்பார், நான் அவரை அண்ணன் என்ற பொருளில் ‘அபாங்’ என்பேன்.

“மக்கானான் அடா, சிக்கு?” சாப்பாடு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

“தடா, அபாங்.” இல்லை என்றேன்.

என் மனசாட்சி குத்தவே இல்லை. ஏன் தெரியுமா? படைப்பதற்கென்று பிசைந்து, தனியாக எடுத்து, பகவானை நினைத்து மூன்று தரம் நீர் சுற்றிவிட்டால் அது அப்புறம் நம்முடைய சாப்பாடு இல்லை. நானே பசித்தாலும் அதில் கை வைக்கமாட்டேன். என் பிள்ளை கேட்டாலும் தரமாட்டேன். ஆகவே என் டப்பாவில் இருந்தது சாமி காரியம். சோறு இல்லை. முருகன் சந்நிதியில் நிறுத்திக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

முதல் சனிக்கிழமை காக்கை ஒழுங்காக வந்தது. சோற்றை வாசல் கல்லில் வைத்துவிட்டு, பிள்ளைகளை வாசலைப் பார்த்து உட்கார வைத்து, நான் காக்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகை பக்கம் திரும்பினேன். அறிக்கையில் கரும்பலகை கூடாது என்றுதான் இருந்தது. ஆனாலும் கை சும்மா இருக்குமா? மாங்காய் ஒன்று போட்டு, மூக்கு வைத்து, கால் இரண்டு இழுத்து, “காக்கா இப்படித்தான் இருக்கும், பாத்து வரைங்க” என்றேன். பிள்ளைகளுக்கு நிம்மதி. முப்பத்தொன்பது பேர் என் மாங்காயைப் பார்த்து வரைந்தார்கள்.

அஞ்சலை என்று ஒரு பெண். ஏழு வயசு. தாய் மரம் வெட்டுகிறவள். அவள் கரும்பலகைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு வரைந்தாள். தாளைக் கொண்டு வந்து காட்டினாள். காக்கைக்கு ஒரே கால்.

“ஏம்மா அஞ்சலை, இன்னொரு கால் எங்க?”

“இல்ல சார்.”

“இல்லன்னா என்னா அர்த்தம்? காக்காய்க்கு எத்தன காலு?”

“ரெண்டு சார்.”

“அப்புறம்?”

“இந்தக் காக்காய்க்கு ஒண்ணுதான் சார்.”

“மறந்துட்டேன்னு சொல்லு. நானே போட்டுக் குடுக்கிறேன்.”

“நான் மறக்கல சார். அதுக்கே இல்ல.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் ‘இன்னொரு கால் எங்கே?’ என்று அழகாக எழுதினேன். காக்கை எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நின்று என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. கழுத்தை ஒரு தரம் திருப்பியிருக்கலாம். பகவான் சாட்சியாக எனக்கு அது தோன்றவே இல்லை. காக்கையைத்தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேனே, இதில் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது?

இப்படி ஐந்து சனிக்கிழமை. ஐந்து தரம் ஒற்றைக்கால், ஐந்து தரம் சிவப்பு மை. அவள் தாய் ஒருநாள் பால் வாளியோடு வந்து நின்றாள்.

“கோவிச்சுக்காதீங்க சார். ஒரு கோடு இழுக்க என்னாடி கஷ்டம், போட்டுத் தொலையேன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். மாட்டேங்குது. அவ அப்பன் மாதிரியே புடிச்ச புடி.”

“வளந்தா சரியாப் போயிடும்மா,” என்றேன் பெரிய மனுஷனாக.

ஆறாவது சனிக்கிழமை கேட்டில் மாட் தனியாக இல்லை. செரண்டாப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் துரை நின்றார். வெயிலில் வெந்து சிவந்த மூக்கு. பக்கத்தில் ஜீப். மொழிபெயர்க்க நம்முடைய கிராணி, இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாண வீட்டில் வாசலில் நிற்கிறவர் மாதிரி.

துரை என் சாக்பீஸ் டப்பாவைத் திறந்தார். சாக்பீஸை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். இலையைப் பிரித்தார். மோந்து பார்த்தார்.

மாட் முகத்தில் ரத்தமே இல்லை. “இனி நாசி, சிக்கு,” என்றார் மெல்ல. இது சோறு, வாத்தியாரே.

“நாசி இல்ல, அபாங். சாமிக்கு,” என்றேன். சொல்லும்போதே என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அப்போதுதான் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தேன். இலையில் இருந்தது சோறுதான். பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சோறு என்றுதான் சொல்லும்.

“தொரை கேக்குறாரு,” என்றார் கிராணி. “இந்தச் சோறு யாருக்கு?”

“காக்காய்க்கு.”

கிராணி இங்கிலீஷில் சொன்னார். துரை குறிப்புப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்தார்.

“எத்தனை வாரமா குடுக்குறீங்க?”

“அஞ்சு வாரமா.”

“அது எங்கேருந்து வருது?”

“காட்டுப் பக்கமிருந்துதான்.”

கிராணி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. ஆனாலும் சொன்னார். துரை எழுதினார்.

“எப்ப வரும்?”

“சரியா ஒன்பதரைக்கு.”

“வந்து என்ன பண்ணும்?”

“சாப்பிட்டுட்டுத் திரும்பக் காட்டுக்குப் போயிடும்.”

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒவ்வொரு சத்தியமும் என்னை ஜீப்புக்குப் பக்கத்தில் ஓர் அடி நகர்த்தியது. “கிராணி ஐயா, அது றெக்கை உள்ள காக்கான்னு சொல்லுங்க” என்றேன். “சொல்லிட்டேன் வாத்தியாரே. அதையும் எழுதிக்கிட்டாரு” என்றார்.

பிள்ளைகள் படம் வரைவதற்காக வைக்கிற சோறு என்று கடைசியில் ஒருவழியாக விளங்க வைத்தோம். துரை யோசித்தார். சரி, பள்ளிக்கூடத்துக்கு நட, நான் பார்க்கிறேன் என்றார். காக்கை வந்து இந்தச் சோற்றைத் தின்றால் நம்புவேன், இல்லையென்றால் ஜீப்பில் கோலசிலாங்கூர் ஸ்டேஷனுக்கு என்றார். அதற்கு அப்புறம் என்ன என்று அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும். கேட்டுக்குள்ளே என் மனைவி கைக்குழந்தையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர்வலமாகப் போனோம். துரை, துப்பாக்கியோடு இரண்டு பேர், கிராணி, நான், நாற்பது பிள்ளைகள், எல்லாருக்கும் பின்னால் மண்டோருடைய ஆடு. நடக்கும்போதே பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். நூற்றெட்டுத் தேங்காய்க்குக் கேட்டில் எப்படிக் கணக்குச் சொல்வது என்று தோன்றியதும் பதினொன்றாகக் குறைத்துக்கொண்டேன்.

வகுப்பில் துரை முதலில் கேட்டது படங்களை. ஐந்து வாரத்துக் கட்டையும் மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் கறுத்தது.

“எல்லாம் ஒரே அச்சுல இருக்காம்,” என்றார் கிராணி. “யாரோ சொல்லிக் குடுத்து வரைய வச்ச மாதிரி இருக்காம். அப்புறம்... இது காக்கா மாதிரியே இல்லையாம். பழம் மாதிரி இருக்காம்.”

என்ன பழம் என்று நான் கேட்கவில்லை.

“அடையாளம் கேக்குறாரு. அந்தக் காக்காயைப் பாத்தா இதுதான்னு எப்படிச் சொல்வீங்க?”

ஐந்து வாரம் சோறு போட்டிருக்கிறேன். கறுப்பாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டையின் நாலாவது பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றேன்.

துரையின் கை அப்போது அஞ்சலையின் தாளில் நின்றது. ஒற்றைக்கால். அடுத்ததும் ஒற்றைக்கால். ஐந்தையும் தனியாக எடுத்து வரிசையாக வைத்தார். யாருடையது என்று கேட்டார். அஞ்சலை எழுந்து நின்றாள்.

“பயப்படாம சொல்லு பாப்பா,” என்றார் கிராணி. “இந்தக் காக்கா எப்படி இருக்கும்?”

“எடது காலு மடங்கி வயித்தோட ஒட்டியிருக்கும். சோத்தாங்கைப் பக்கத்து றெக்கையில ஒரு எறகு இல்ல. மொதல்ல மணி மேல ஒக்காரும். அப்புறம் தத்தித் தத்தி வரும். எள்ளப் பொறுக்கித் தின்னுட்டுத்தான் சோத்தத் தின்னும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “மொகம் எங்க மண்டோர் மாதிரி இருக்கும்.”

மண்டோர் அங்கே இல்லாதது தெய்வச் செயல்.

துரை சோற்றை வாசல் கல்லில் தம் கையாலேயே வைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி ஒன்பதரை. ஒன்பதே முக்கால். என் வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பத்து மணி ஆகும்போது ஒரு காக்கை வந்து இறங்கியது. இரண்டு கால். திடகாத்திரமான இரண்டு கால்.

கிராணி என் காதருகே வந்தார். “வாத்தியாரே, இதுதான்னு சொல்லுங்க. சோத்தத் தின்னுட்டுப் போவட்டும், ஜோலி முடிஞ்சிது. அந்தப் புள்ள பாவம், ஏதோ கிறுக்கி வச்சிருக்குன்னு சொல்லிக்கலாம்.”

துரை காக்கையைக் காட்டி, இதுதானா என்று கையால் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் பதில் அஞ்சலையிடமிருந்து வந்தது.

“இது இல்ல.”

தம்பி தங்கைகளே, வேலையில் இருந்த முப்பது வருஷத்தில் என்னிடம் இதைவிடப் பெரிய பரீட்சை யாரும் வைத்ததில்லை. ஆமாம் இதுதான், பிள்ளைக்குக் கணக்குத் தெரியாது, எப்போதும் ஒரு காலை விட்டுவிடும் என்று சொல்ல வேண்டியதுதான். சிவப்பு மையில் நானே ஐந்து தரம் அப்படிச் சாட்சி எழுதியும் வைத்திருக்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் கண்ணுக்குள் வந்தாள். அஞ்சலை என்னைப் பார்த்தாள். சொல்லப் போகிறாரா என்று அவளும் காத்திருந்தாள்.

“கிராணி ஐயா,” என்றேன். “புள்ள சொல்றதுதான் சரியா இருக்கும். எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. நான் அந்தக் காக்காயை ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல.”

“யோசிச்சு சொல்லுங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றேன்.”

கிராணி பெருமூச்சு விட்டுச் சொன்னார். துரை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். இரண்டு கால் காக்கை சோற்றை ஒரு கொத்துக் கொத்தியது. அந்த நேரம் வாசலில் தண்டவாளத் துண்டு மெல்ல ‘ணங்’ என்றது.

மணி மேல் ஒரு காக்கை. இடது கால் மடங்கி வயிற்றோடு ஒட்டியிருந்தது. வலது இறக்கையில் ஓர் இறகு இல்லாத இடத்தில் சன்னமாக வானம் தெரிந்தது. அது இறங்கி, தத்தித் தத்தி வந்து, இரண்டு கால்காரனை ஒரே அதட்டில் துரத்திவிட்டு, எள்ளாகப் பார்த்துப் பொறுக்கத் தொடங்கியது. முகம் சத்தியமாக மண்டோர் மாதிரியே இருந்தது.

முப்பத்தொன்பது பிள்ளைகளும், “ஏய், ஒத்தக் காலுடா!” என்று ஒரே குரலில் கத்தினார்கள். ஐந்து வாரமாக எதிரே உட்கார்ந்திருந்தவர்கள், அன்றுதான் பார்க்கிறார்கள். என் மாங்காய் அவர்கள் கண்ணை அப்படி மறைத்திருந்தது.

காக்கை பயப்படவில்லை. சோற்றை முடித்துவிட்டுத் தத்தி உள்ளே வந்தது. மேசை மேல் ஏறியது. துரையின் விரலிடுக்கில் இருந்த பென்சிலை, நாம் ஒரு முருங்கைக்காயை உருவுவதுபோல உருவிக்கொண்டு காட்டுப் பக்கம் பறந்தது.

குறிப்புப் புத்தகம் திறந்தபடியே கிடந்தது.

“சார், என் பேனா...” என்று கிராணி சட்டைப் பையில் கை வைத்தார். துரை அவரைப் பார்த்தார். கிராணி கையை எடுத்துக்கொண்டார்.

துரை சிரிக்கவில்லை. மூக்கு மட்டும் இன்னும் சிவந்தது. புத்தகத்தை மூடினார். இனிமேல் ஒரு பருக்கை கேட்டைத் தாண்டினால் பென்சில் இல்லாமலே உள்ளே போடுவேன் என்று சொன்னதாகக் கிராணி சொன்னார். எழுந்தவர் அஞ்சலையின் தாளை எடுத்து, அதிலிருந்த சிவப்புப் பெருக்கல் குறியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

“வாத்தியார் திருத்தினது,” என்றார் கிராணி, தமிழில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம்.

துரை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஜீப்பே தேவலை.

அதற்குப் பிறகு நான் சோறு கொண்டு போகவில்லை. வேண்டுதலுக்கு என் மனைவி பக்கத்து வீட்டுக் கோழியைச் சனிக்கிழமை காலையில் கூடையால் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தாள். வகுப்புக்கு என்ன செய்வது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது வழி சொன்னது கேட்டில் இருந்த மாட்தான். “ஆயேர் போலே லா, சிக்கு. நாசி தா போலே.” தண்ணீர் கொண்டு போகலாமே, சோறுதான் கூடாது என்றார். ஓர் அகலச் சட்டியில் தண்ணீர் வைத்தேன். காக்கை, மைனா, புறா, தவளை, தும்பி, ஒருநாள் உடும்புகூட வந்தது. தண்ணீருக்கு வந்த உயிர் சோற்றுக்கு வந்ததைவிட நிதானமாக நின்றது. இன்றைக்கும் உங்களுக்குச் சொல்கிறேன், கோழியைக் கட்டாதீர்கள், சட்டியில் தண்ணீர் வையுங்கள். பிள்ளைகளை எந்தப் பக்கம் பார்க்கச் சொல்கிறீர்களோ, நீங்களும் அந்தப் பக்கமே பார்த்து உட்காருங்கள். பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காயும் அவசரகாலம் முடிந்த பிறகு உடைத்துவிட்டேன்.

ஆனால் அன்றைய பாடம் இன்னும் முடியவில்லை. துரையின் ஜீப் போன பிறகு பள்ளி விட ஒரு மணி நேரம் இருந்தது. “இன்னிக்கி என்ன பாத்தீங்களோ, அத வரைங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் விழுந்தேன். கரும்பலகை பக்கம் போகவே இல்லை. வருகிற ஒவ்வொரு தாளையும் பார்த்தேன். ஜீப் பத்து. சிவப்பு மூக்கு பதினேழு. பென்சிலோடு பறக்கும் காக்கை பதினொன்று, எல்லாவற்றுக்கும் ஒரே கால். ஆடு ஒன்று.

கடைசியாக அஞ்சலை வந்தாள். அவள் வரைந்திருந்தது என்னை. மேல்துண்டு, விபூதி, ஒரு காது கொஞ்சம் பெரிசு, கையில் டப்பா, எல்லாம் சரி. சட்டையில் மட்டும் மேலே மூன்று பொத்தான் போட்டுவிட்டு, நாலாவது இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

“அஞ்சலை,” என்றேன், சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டு, “இன்னொரு பொத்தான் எங்...”

நல்லவேளை. கேட்டு முடிப்பதற்குள் குனிந்து பார்த்தேன்.